எனக்குக் கேட்கிறது, நான் கேட்கிறேன்

காது கேளாமல் பிறந்த குழந்தைகளைக் கேட்கப் பழக்குவது என் தொழில். கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் போகும் வழியில், ஒரு மாடி அறையில் அதைச் செய்துவருகிறேன். முடிச்சூர், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மேடவாக்கம், படப்பை என்று சுற்று வட்டாரத்திலிருந்து தாய்மார்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரயிலிலும் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் வந்து சேர்வார்கள். கையில் தவறாமல் ஒரு ஃபைல் இருக்கும். பெரா டெஸ்ட் ரிப்போர்ட், ஆடியோகிராம், ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த சீட்டு எல்லாம் அதில் அடுக்கியிருக்கும்.

இந்தத் தொழிலுக்கான பாடப்புத்தகங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அவற்றில் இரண்டு வினைச்சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வரும். ஒன்று 'ஹியர்', இன்னொன்று 'லிஸன்'. அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் 'கேள்' என்றே போட்டிருக்கும். ஆனால் எங்கள் படிப்பில் பாதி, இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தொலைவைப் பற்றியதுதான். ஒலி காது வழியாக மூளைக்குப் போய்ச் சேர்ந்தால் அது ஹியர். அந்த ஒலியின் மேல் ஒருவர் மனத்தை வைத்தால் அது லிஸன். முன்னது நமக்கு நேர்வது. பின்னது நாம் செய்வது. அதனால்தான் 'ஐ ஆம் லிஸனிங்' என்பது ஆங்கிலத்தில் இயல்பாக இருக்கிறது; 'ஐ ஆம் ஹியரிங்' என்று சாதாரணப் பேச்சில் சொல்வதில்லை. லிஸனுக்குப் பின்னால் 'டு' வந்து எதன் மேல் மனத்தை வைக்கிறோம் என்று சுட்டும். ஹியருக்கு அது தேவையில்லை. ஒலி தானாகவே வந்து விழுகிறதே.

தமிழில் இதற்கு ஒரே சொல்தான் என்று, பயிற்சிக்கு வரும் மாணவிகள் சொல்வதுண்டு. அவர்களைச் சாயங்கால நேரத்துத் தாம்பரம் ரயிலில் காதைத் திறந்துவைத்துக்கொண்டு வரச் சொல்வேன். பெட்டியில் யாராவது போன் பேசிக்கொண்டிருப்பார்கள். பல்லாவரம் தாண்டும்போது சிக்னல் அறுபடும். "ஹலோ, கேக்குதா? கேக்குதா?" என்பார். சிக்னல் திரும்ப வந்த பிறகு, எதிர்முனையில் இருப்பவர் வேறு எதிலோ கவனமாக இருந்தால், "நான் சொல்றதக் கேக்குறியா இல்லையா?" என்பார். முதல் கேள்வி ஹியர் பற்றியது. இரண்டாவது லிஸன் பற்றியது. இலக்கணம் படிக்காதவர்களும் இந்த இரண்டையும் ஒருநாளும் குழப்பிக்கொள்வதில்லை.

எனக்குக் கேட்கிறது. நான் கேட்கிறேன். முதல் வாக்கியத்தில் கேட்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். எனக்குப் பசிக்கிறது, எனக்கு வலிக்கிறது, எனக்குத் தெரிகிறது என்பவற்றின் வரிசையில் வருவது அது. அங்கே ஆள் எதையும் செய்யவில்லை. அவருக்கு ஒன்று நிகழ்கிறது. இரண்டாவது வாக்கியத்தில் அவரே எழுவாயாகிவிடுகிறார். வட மாநிலத்திலிருந்து இந்தப் பக்கம் வேலைக்கு வந்து தங்கியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளும் என்னிடம் வருகிறார்கள். அவர்கள் பேசும் இந்தியிலும் இதே ஏற்பாடு இருக்கிறது: 'முஜே சுனாயி தேதா ஹை' என்றால் எனக்குக் கேட்கிறது, 'மைன் சுன்தா ஹூன்' என்றால் நான் கேட்கிறேன். ஆங்கிலம் வினையை மாற்றிச் சொல்வதை நம் மொழிகள் ஆள் நிற்கும் இடத்தை மாற்றிச் சொல்கின்றன.

என் தொழிலுக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழின் ஏற்பாடே பொருத்தமாகப் படுகிறது. ஒரு குழந்தையை 'எனக்கு' என்ற இடத்திலிருந்து 'நான்' என்ற இடத்துக்குக் கைப்பிடித்து அழைத்துப் போவதுதான் இங்கே நாள்தோறும் நடக்கிறது.

*

முதலில் அந்த 'எனக்கு' எப்படி இல்லாமல் போகிறது என்று சொல்ல வேண்டும்.

உட்செவியில் காக்ளியா என்ற உறுப்பு நத்தை ஓடு போல இரண்டரைச் சுற்றுச் சுருண்டு கிடக்கிறது. விரித்தால் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர்தான் நீளம். அதற்குள் மூன்று வரிசை வெளி மயிர்ச்செல்கள், ஒரு வரிசை உள் மயிர்ச்செல்கள். ஒலியை மின்துடிப்பாக மாற்றி நரம்புக்குக் கொடுக்கும் உள் மயிர்ச்செல்கள் ஒரு காதுக்கு ஏறக்குறைய 3,500 மட்டும். இவை பிறப்பிலேயே வேலை செய்யாமல் போகலாம். கருவுற்றிருக்கும்போது தாய்க்கு ருபெல்லா அம்மை வந்திருக்கலாம், குழந்தை குறைமாதத்தில் பிறந்திருக்கலாம், பிறந்ததும் கடுமையான மஞ்சள் காமாலை வந்திருக்கலாம், தொற்றுக்காகக் கொடுத்த சில ஊசி மருந்துகள் பாதித்திருக்கலாம். மரபணுவும் ஒரு பெரிய காரணம். தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டிக்கொண்ட தம்பதியரின் பிள்ளைகள் என்னிடம் அதிகம் வருகிறார்கள். தாய் தந்தை இருவருக்கும் நன்றாகக் காது கேட்கும். இருவரிடமும் ஒரே பழுதான மரபணு ஒளிந்திருந்து, குழந்தையிடம் இரண்டு பிரதியும் சேரும்போது கேட்காமல் போகிறது. இதில் யார் மேலும் பழி இல்லை என்பதை மாமியாரையும் உட்கார வைத்துத்தான் சொல்வேன். ஏனென்றால் வீடு திரும்பியதும் பழி தாயின் தலையில்தான் விழும்.

பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று வீட்டில் கண்டுபிடிப்பது சுலபமில்லை. எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பார்ப்பார்கள், பூஜை மணியை ஆட்டிப் பார்ப்பார்கள், கதவை அடித்துச் சாத்திப் பார்ப்பார்கள். குழந்தை திரும்பிவிடும். ஆனால் அது திரும்பியது தரையின் அதிர்வுக்காக இருக்கலாம், அசைந்த நிழலுக்காக இருக்கலாம், முகத்தில் பட்ட காற்றுக்காக இருக்கலாம். "நல்லாத்தான் திரும்புறான் மேடம், பேச்சுதான் வரல. அவங்க அப்பாகூட லேட்டாத்தான் பேசினாராம்" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வயது ஆகிவிடும்.

இதற்கெல்லாம் அவசியமே இல்லாதபடி சோதனைகள் வந்துவிட்டன. 1978-ல் லண்டனில் டேவிட் கெம்ப் என்ற இயற்பியலாளர், காது ஒலியை வாங்குவதோடு நிற்காமல் தானும் மிக மெல்லிய ஒலியைத் திருப்பி எழுப்புகிறது என்று கண்டறிந்தார். அந்த எதிரொலியைப் பிடிப்பதுதான் ஓஏஈ சோதனை. தூங்கும் பச்சைக் குழந்தையின் காதில் ஒரு சிறு முனையை வைத்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதில் சந்தேகம் வந்தால் பெரா. தலையில் மின்முனைகளை ஒட்டி, ஒலிக்கு மூளைத்தண்டு எப்படித் துடிக்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டிலும் குழந்தை எதுவும் செய்ய வேண்டியதில்லை. தூங்கினால் போதும். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குதல் என்பதுதான் உலகம் முழுதும் ஏற்றுக்கொண்ட கணக்கு.

ஏன் இந்த அவசரம்? கருவில் ஏறத்தாழ 25-வது வாரத்திலேயே குழந்தையின் காது வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. காது கேட்கும் குழந்தை பிறக்கும்போதே தாயின் குரலை மூன்று மாதம் கேட்டுவிட்டுத்தான் வருகிறது. கேளாத குழந்தை அந்த மூன்று மாதத்தையும் இழந்து, அதன் பிறகு ஒவ்வொரு மாதத்தையும் இழக்கிறது. ஒலிக்கென்று மூளையில் ஒதுக்கிய பகுதிக்கு ஒலி வராவிட்டால், அதைப் பார்வையும் தொடுவுணர்வும் எடுத்துக்கொள்ளத் தொடங்குகின்றன. அமெரிக்காவில் அனு சர்மா என்ற ஆய்வாளர் மூளையின் மின்துடிப்புகளை அளந்து, மூன்றரை வயதுக்கு முன் ஒலி கிடைத்த குழந்தைகளின் மூளை மற்றக் குழந்தைகளை எட்டிப் பிடிக்கிறது என்றும், அதற்குப் பின் அது கடினமாகிறது என்றும் காட்டினார். அந்த மூன்றரை வயது என்ற எண் என் அறையில் எல்லோருக்கும் தெரியும்.

*

காதுக்கருவி போதாத குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளாண்ட் பொருத்துகிறார்கள். உள்ளே அறுவை செய்து வைக்கும் மெல்லிய மின்முனை வரிசை நேரடியாக நரம்பைத் தூண்டுகிறது. வெளியே காதின் பின்னால் மாட்டும் ப்ராசஸரும், காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும் வட்ட வில்லையும் ஒலியை உள்ளே அனுப்புகின்றன. சந்தையில் வாங்கப் பல லட்சம் ஆகும். தமிழ்நாட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இது செய்யப்படுகிறது. கூலி வேலை செய்பவரின் குழந்தையும், பெட்டிக்கடைக்காரரின் குழந்தையும் இதைப் பெற்றிருப்பதை நான் தினமும் பார்க்கிறேன். இந்த மாநிலம் பெருமைப்பட வேண்டிய காரியம் அது.

ஆனால் கருவி கொடுப்பது 'எனக்கு' என்பதை மட்டும்தான். ஆஸ்திரேலியாவில் கிரேம் கிளார்க் என்ற மருத்துவர், அதே 1978-ல் மெல்பர்னில், பல மின்முனைகள் கொண்ட தன் முதல் கருவியை ராட் சாண்டர்ஸ் என்பவருக்குப் பொருத்தினார். கிளார்க்கின் தந்தை காது மந்தமான மருந்துக்கடைக்காரர். மகன் இந்தத் துறைக்கு வந்ததற்கு அதுவே காரணம். சாண்டர்ஸ் வயது வந்த பிறகு விபத்தில் செவியிழந்தவர். கருவி வழியாக வந்தது பழைய ஒலியைப் போலவே இல்லாவிட்டாலும், அதுவரை வாழ்நாளில் கேட்டுப் பழகிய மூளை அதை அடையாளம் கண்டுகொண்டது. பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு அந்தப் பழைய சேமிப்பு எதுவும் இல்லை. 3,500 செல்கள் செய்ய வேண்டிய வேலையை 12 முதல் 22 வரையிலான மின்முனைகள் செய்கின்றன. வந்து சேரும் ஒலிக்கு என்ன பொருள் என்று அந்தக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை.

அறுவை முடிந்து மூன்று, நான்கு வாரம் கழித்து ஸ்விட்ச் ஆன் செய்வார்கள். அன்றைக்குக் குழந்தை அம்மாவின் குரலைக் கேட்டுச் சிரிக்கும் வீடியோக்களைக் கைபேசியில் பார்த்துவிட்டுப் பெற்றோர் வருவார்கள். பல குழந்தைகள் அழுகின்றன. சில குழந்தைகள் விளையாட்டை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். சில எதையும் காட்டுவதில்லை. "ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு மேடம், இன்னும் அம்மான்னு சொல்லல" என்று கண்கலங்கும் தாயிடம், "ஏம்மா, உங்க பையனுக்குக் காது பொறந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. ரெண்டு மாசக் குழந்தை பேசுமா?" என்று கேட்பேன். இதை எங்கள் தொழிலில் கேட்கும் வயது என்று சொல்வோம். பிறந்த தேதியோடு ஸ்விட்ச் ஆன் தேதியையும் ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கிறோம்.

இதற்கு நேர் எதிரான நிலையும் இதே ஊரில் உண்டு. டேவிட் சவுரி முத்து என்ற மருத்துவர் 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கி, பின்னர் அரசு ஏற்றுக்கொண்ட மருத்துவமனையால்தான் எங்கள் ரயில்வே ஸ்டேஷன் ஒன்றுக்கே தாம்பரம் சானடோரியம் என்று பெயர். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு நெடுங்காலம் கனமைசின் போன்ற ஊசிகளைப் போட்டார்கள். உயிரைக் காப்பாற்றிய அந்த மருந்துகள் பலருக்கு உட்செவியின் மயிர்ச்செல்களை அழித்தன. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் கனமைசினைக் கைவிடும்படி வழிகாட்டியது. இப்போது மாத்திரைகளே முன்னுக்கு வந்துவிட்டன. அந்த ஊசிகளால் செவியிழந்த பெரியவர்கள் சிலர் ஆலோசனைக்கு வந்திருக்கிறார்கள். எதிரே உட்கார்ந்ததும் உடல் முன்னே சாயும். கண் என் உதட்டை விட்டு அகலாது. அரைச் சொல் கிடைத்தாலும் மீதியைத் தாங்களே கட்டிக்கொள்வார்கள். அவர்களுக்குக் கேட்கவில்லை, ஆனால் அவர்கள் கேட்கிறார்கள். என் குழந்தைகளுக்கோ கேட்கிறது. அவர்கள் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை. ஹியரும் லிஸனும் இரண்டு வேறு பொருள்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

சைகை மொழியில் வளர்ந்தவர்களும் இதைத்தான் காட்டுகிறார்கள். இரண்டு பேர் சைகையில் பேசிக்கொண்டிருக்கும்போது கேட்பவரின் முகத்தைப் பாருங்கள். அந்தக் கவனத்துக்குக் காது தேவைப்படவில்லை. இம்பிளாண்ட் பலன் தராத குழந்தைகளுக்கும், அந்தப் பாதையை வேண்டாம் என்று முடிவெடுத்த குடும்பங்களுக்கும் சைகை மொழி முழுமையான மொழி. மொழியே இல்லாமல் ஒரு குழந்தை வளர்வதுதான் கூடாதது.

*

கேட்க எப்படிக் கற்றுக்கொடுப்பது? நாளின் முதல் வேலை ஆறு ஒலிகள். ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். கனடாவில் பணியாற்றிய டேனியல் லிங் வகுத்த சோதனை இது. 250 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கும் 'ம்' முதல் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே போகும் 'ஸ்' வரை, பேச்சில் வரும் சுருதிகள் அனைத்தையும் இந்த ஆறும் தொட்டுவிடுகின்றன. குழந்தையின் பின்னால் நின்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். குழந்தை கையில் ஒரு மரக்கட்டையைக் கன்னத்தருகே பிடித்துக் காத்திருக்க வேண்டும். ஒலி வந்ததும் கட்டையை வாளியில் போட வேண்டும்.

கட்டையை வாளியில் போடுவது பார்வைக்குச் சிறு விளையாட்டு. ஆனால் காத்திருக்கும் அந்த நொடிகளில்தான் என் தொழிலின் சாரம் இருக்கிறது. ஒலி வந்தபின் திரும்புவதற்குக் காது போதும். ஒலி வருவதற்கு முன்பே அதற்காகக் காத்திருப்பதற்கு ஆள் வேண்டும். வாரக்கணக்கில் கட்டையை வாயில் வைத்துக்கொண்டும் தூக்கி எறிந்துகொண்டும் இருந்த குழந்தை, ஒருநாள் அதைக் கன்னத்தில் வைத்து, கண்ணை எங்கோ நிறுத்தி, அசையாமல் இருக்கும். அந்த நிமிடத்தில் அது 'நான்' ஆகிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நார்மன் எர்பர் என்ற அறிஞர் இந்தப் பயணத்தை நான்கு படிகளாகப் பிரித்தார். ஒலி இருக்கிறதா இல்லையா என்று அறிவது முதல் படி. இரண்டு ஒலிகள் ஒன்றா வேறா என்று அறிவது இரண்டாவது. இன்ன ஒலி என்று அடையாளம் சொல்வது மூன்றாவது. பொருள் விளங்கிக்கொள்வது நான்காவது. முதல் படி மட்டும் ஹியர். மற்ற மூன்றும் லிஸன். கருவி முதல் படியில் கொண்டுவந்து விட்டுவிடும். மற்றவற்றை ஏற வேண்டியது குழந்தையும் வீடும்.

இதற்கான பாடப்பொருள் தமிழில் தமிழுக்கே உரிய விதத்தில் அமைந்திருக்கிறது. ஆங்கிலப் புத்தகத்தின் சொற்பட்டியலை அப்படியே இங்கே பயன்படுத்த முடியாது. கல், கால், பல், பால், படு, பாடு, எடு, ஏடு என்று குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் மொழி இது. படம், பட்டம் என்று இரட்டிப்பும் பொருளை மாற்றும். இவை எல்லாம் நேரத்தின் அளவில் வேறுபடுபவை. இம்பிளாண்ட் நேர அளவைத் தெளிவாகக் கடத்தும். சுருதியின் நுட்பங்களைக் கடத்துவதில்தான் அது பின்தங்குகிறது. அதனால் பல்லையும் பாலையும் எங்கள் குழந்தைகள் சீக்கிரமே பிரித்துவிடுகிறார்கள். ல, ள, ழ மூன்றையும் பிரிக்க நெடுநாள் ஆகிறது. முதலில் கிடைப்பதை முதலில் கொடுத்தால் குழந்தைக்கு வெற்றி கிடைக்கும். கேட்பதில் லாபம் இருக்கிறது என்று அதற்குத் தெரியும்.

அறைக்கு வெளியேதான் பெரிய பாடம். தாம்பரத்தில் ஒலிக்குப் பஞ்சமே இல்லை. விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானம் கிளம்பும். ஜிஎஸ்டி சாலையில் பஸ் ஹாரன், தண்டவாளத்தில் மின்ரயில், தெருவில் பழைய பேப்பர் வாங்குபவரின் ஒலிபெருக்கி, மேல்வீட்டில் மிக்ஸி. காது கேட்கும் நாம் இவற்றில் பெரும்பாலானவற்றை ஒதுக்கிவைத்துக்கொண்டே வாழ்கிறோம். 1953-ல் காலின் செர்ரி என்ற ஆய்வாளர் பல குரல்களுக்கு நடுவே ஒரு குரலை மட்டும் மனிதன் எப்படிப் பற்றிக்கொள்கிறான் என்று ஆராய்ந்தார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் குழந்தையின் கையைப் பிடித்து நடக்கும் எந்தத் தாயும் அதைச் செய்கிறாள். புதிதாகக் கேட்கும் குழந்தைக்கு எல்லா ஒலிகளும் ஒரே உயரத்தில் வந்து விழுகின்றன. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாது. அதனால் தாய்மார்களுக்கு ஒரு ஒழுங்கு சொல்லிக்கொடுக்கிறேன். விமானம் போனால் உடனே மேலே கையைக் காட்டாதீர்கள். முதலில் நின்று, காதைத் தொட்டு, "கேளு, என்னமோ சத்தம் வருது" என்று சொல்லுங்கள். கொஞ்சம் காத்திருங்கள். குழந்தை தேடட்டும். அதன் பிறகு விமானத்தைக் காட்டுங்கள். காட்டிய பின் மறுபடியும் சொல்லுங்கள். முதலில் காது, பிறகு கண், திரும்பவும் காது.

காத்திருப்பதுதான் அவர்களுக்கு மிகவும் கஷ்டம். அன்பு மிகுந்த வீட்டில் யாரும் குழந்தையைத் தேட விடுவதில்லை. சொல்லி முடிப்பதற்குள் முகத்தைப் பிடித்துத் திருப்பிவிடுவார்கள். திருப்பிவிட்டால் குழந்தைக்குப் பார்த்தால் போதும், கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போகிறது.

இன்னொன்று, எந்த மொழியில் பேசுவது என்பது. நாளைக்கு இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்க வேண்டுமே என்று, தமிழே பேசும் வீட்டில் குழந்தையிடம் மட்டும் "மில்க்", "பஸ்", "கம்", "சிட்" என்று ஒற்றைச் சொற்களாகக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். சொல் தனியாக வந்தால் ஒட்டாது. "பால் கொதிக்குது பாரு, பொங்கப் போகுது, அடுப்ப அணைச்சிடலாமா?" என்று அம்மாவின் வாயில் தங்குதடையில்லாமல் வரும் பேச்சில்தான் தாளமும் ஏற்றஇறக்கமும் இருக்கின்றன. குழந்தை முதலில் பிடித்துக்கொள்வது அந்தத் தாளத்தை. வீட்டில் எந்த மொழி இயல்போ அதுவே கேட்பதற்கான மொழி. ஆங்கிலம் பிறகு வரும். அதற்கு இடம் போட்டுக் கொடுப்பதே தாய்மொழிதான்.

*

நம் பேச்சில் 'கேள்' என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. "சொன்னாக் கேக்கவே மாட்டான்" என்றால் கீழ்ப்படிய மாட்டான் என்று அர்த்தம். ஆங்கிலத்து லிஸனும் இந்தப் பொருளைச் சுமக்கிறது. இந்த இடத்தில்தான் குழந்தைகளுக்கு அநியாயம் நடக்கிறது.

சளி பிடித்துப் பிடித்து நடுச்செவியில் நீர் கோத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒலி மங்கலாகத்தான் விழும். முன்பெஞ்சில் இருந்தால் கேட்கும், பின்பெஞ்சில் கேட்காது. மூக்கு திறந்திருக்கும் நாளில் கேட்கும், அடைத்திருக்கும் நாளில் கேட்காது. அந்தப் பிள்ளையைப் பற்றி, "கவனமே இல்லை, சொன்ன பேச்சு கேட்பதில்லை" என்று டைரியில் எழுதி அனுப்புகிறார்கள். அடிவாங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவனுக்குக் கேட்கவில்லை என்பது அவன் கேட்கவில்லை என்று எழுதப்பட்டுவிட்டது. காது மூக்கு தொண்டை டாக்டர் நீரை எடுத்தபின் அதே பிள்ளை வகுப்பில் கைதூக்கிப் பதில் சொல்கிறான்.

இதன் மறுபக்கமும் உண்டு. சில குழந்தைகளுக்கு மயிர்ச்செல் நன்றாக இருக்கும், ஓஏஈ சோதனையில் தேறிவிடும். ஆனால் நரம்பு ஒலியைச் சீராகக் கடத்தாது. பெராவில் துடிப்பு எதுவும் பதிவாகாது. பிறந்தபோது மஞ்சள் காமாலை முற்றிய குழந்தைகளிடம் இதைக் காணலாம். ஒலி கேட்கும், சொல் கிடைக்காது. "சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல" என்பது வயதான தாத்தா பாட்டிகளும் சொல்வதுதான். வயதானவர்களுக்குக் க, ச, த, ப, ஸ் போன்ற மெய்யொலிகளின் கூர்மை முதலில் போய்விடுகிறது. அவர்களிடம் கத்திப் பேசினால் உயிரொலிதான் பெருகும். எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் புரியும்.

ஆகவே, பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். ஒரு பிள்ளை கேட்கவில்லை என்று சொல்வதற்கு முன், அதற்குக் கேட்கிறதா என்று பாருங்கள். இந்த வரிசை மாறவே கூடாது.

திருக்குறளில் 42-ஆம் அதிகாரத்துக்குக் 'கேள்வி' என்று பெயர். கல்வி, கல்லாமை ஆகியவற்றுக்குப் பின்னும் அறிவுடைமைக்கு முன்னும் அதை வைத்திருக்கிறார் வள்ளுவர். அங்கே ஒரு குறளில், கேள்வியால் துளைக்கப்படாத செவிகள் ஒலியைக் கேட்டாலும் கேளாத செவிகளே என்ற கருத்தைச் சொல்கிறார். ஹியர் இருந்தும் லிஸன் இல்லாத காது அது. அறிவுரையாகச் சொன்ன அந்தச் சொல், என் அறையில் ஒரு மருத்துவ உண்மையாகத் தினமும் நிற்கிறது. கருவியால் திறந்த செவியைப் பேச்சால்தான் முழுதாகத் திறக்க முடியும்.

அந்த அதிகாரத்தின் பெயரிலேயே நம் மொழி இன்னொரு படியையும் வைத்திருக்கிறது. கேள்வி என்றால் செவியால் பெறுவது மட்டுமில்லை, வினாவும்தான். ஆங்கிலம் அதற்கு 'ஆஸ்க்' என்று மூன்றாவதாக ஒரு வினையைத் தேடிப் போகிறது. தமிழில் மூன்றும் ஒரே வேர். எனக்குக் கேட்கிறது, நான் கேட்கிறேன், நான் உன்னைக் கேட்கிறேன்.

எர்பரின் நான்கு படிகளோடு நான் ஐந்தாவதாக இதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். காட்டிய படத்துக்குப் பெயர் சொல்லும் குழந்தை தேர்ச்சி பெற்றுவிட்டதாக நான் எழுதுவதில்லை. சொன்னதைச் செய்யும் குழந்தையையும் அப்படி எழுதுவதில்லை. கதையை நடுவில் நிறுத்தி "ஏன் மிஸ் காக்கா பறந்துச்சு?" என்று கேட்கும் குழந்தை, கேட்டது போதவில்லை, இன்னும் வேண்டும் என்று தானே கையை நீட்டுகிறது. அந்தக் கேள்வி வந்த தேதியைச் சிவப்பு மையில் ஃபைலில் எழுதுவேன். அடுத்த மாதத்திலிருந்து அந்தக் குழந்தைக்கு என் அறையைவிட நல்ல பள்ளிக்கூடமும் நிறையப் பேசும் ஒரு தெருவும்தான் தேவை.

இன்றைக்குப் பிறக்கும் பெரும்பாலான குழந்தைகள் 'கேள்' என்பதன் இந்த மூன்று பொருளில் ஒன்றைக்கூட இழக்க வேண்டியதில்லை. பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் காது சோதனை ஆகிவிட்டதா என்று கேளுங்கள். ஆகவில்லை என்றால் அந்த மாதத்துக்குள் அரசு மருத்துவமனையிலாவது செய்துவிடுங்கள். கருவி வைத்த குழந்தை என்றால் விழித்திருக்கும் நேரமெல்லாம் அது காதில் இருக்கட்டும். நம் ஊர் வேர்வைக்கு இரவில் ட்ரை பாக்ஸில் வைத்து உலர்த்துங்கள். மற்றபடி நிறையப் பேசுங்கள், பேசிவிட்டுக் காத்திருங்கள். காதை மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள்; கேட்பதற்குத் தகுந்த பேச்சை வீடுதான் கொடுக்க வேண்டும்.